புயலில் சிக்கிய கடுதாசி என்ன ஆகிறது?

ஊருக்குக் கடுதாசி போட்டுப் பத்து நாள் ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. ஊர்ப் பக்கம் புயல், வெள்ளம் என்று பேப்பரில் படம் வருகிறது. போன் போட்டால் மணி அடிக்கவில்லை. யாரிடம் கேட்பது, எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களில் இந்தத் தவிப்பை ஒரு தடவையாவது அனுபவிக்காதவர்கள் குறைவு. தாராவி, மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்டு, கல்யாண் என்று எங்கே போனாலும் நெல்லை, தூத்துக்குடி ஜில்லாக்காரர்கள் இருக்கிறார்கள். புயலும் பெருமழையும் அவர்களை இரண்டு பக்கமும் அடிக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஊரில் மழை. ஆடி, ஆவணியில் மும்பையில் மழை. எந்தப் பக்கம் மழை கொட்டினாலும் தபால் நிற்கிறது.

"கையில் போன் இருக்கிறது. இனிமேல் கடுதாசிக்கு என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். நலம் விசாரித்து எழுதும் கடிதம் குறைந்துபோனது உண்மைதான். ஆனால் அசல் சர்ட்டிபிகேட்டைப் போனில் அனுப்ப முடியாது. பாஸ்போர்ட், ஏ.டி.எம். கார்டு, பத்திரம், கோர்ட்டு நோட்டீசு, வேலைக்கான உத்தரவு ஆகியவை இன்றைக்கும் தபாலில்தான் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு கடைசித் தேதியையும் சுமந்துகொண்டு வருகின்றன. அந்தத் தேதி தவறினால் வேலை போகலாம். வழக்கு போகலாம்.

புயல் அடிக்கும்போது அந்தக் கடிதம் எங்கே இருக்கிறது? அதை யார் வைத்திருக்கிறார்கள்? இது தெரிந்தால் பாதிக் கவலை தீரும். மீதிக் கவலைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

இரண்டு கடிதங்கள்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் ஒரு தாயார் இருக்கிறார். மகன் தாராவியில் அண்ணன் வீட்டில் தங்கி வேலை தேடுகிறான். ஒரு கம்பெனியில் வேலை கிடைக்கிறது. அசல் மார்க் ஷீட்டைக் காட்டவேண்டும். "அம்மா, பெட்டியில் இருக்கிற மார்க் ஷீட்டைத் தபாலில் அனுப்பு" என்று மகன் சொல்கிறான்.

அது 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ந் தேதி, சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். தாயார் காலையிலேயே தபால் நிலையத்துக்குப் போயிருந்தால், கவர் அன்று புறப்படும் பையில் ஏறிவிடும். பை கட்டிய பிறகு போயிருந்தால், கவர் அங்கேயே தங்கிவிடும். மறுநாள் ஞாயிறு. அடுத்த பை திங்கட்கிழமைதான்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. ஆனால் அன்று ஏரலில் சாலை இல்லை. தாமிரபரணி கரை புரண்டு ஓடியது. ஏரல் தனித் தீவாக நின்றது.

முதல் கவர் மும்பைக்கு வந்திருக்கும். இரண்டாவது கவர் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே ஸ்டாம்பு விலையில் போட்ட கடிதங்கள்தான். நடுவில் இருந்த வித்தியாசம் சில மணி நேரம்.

எத்தனை கை மாறுகிறது?

ஒரு கடிதம் ஊரில் இருந்து மும்பைக்கு வரும் வழியைப் பார்த்தால், புயல் அதை எங்கே எல்லாம் மறிக்க முடியும் என்று தெரியும்.

கிராமத்துத் தபால் நிலையத்தில் கடிதத்துக்கு முத்திரை குத்துகிறார்கள். பையில் போட்டுக் கட்டிச் சீல் வைக்கிறார்கள். பை வேனிலோ பஸ்சிலோ பெரிய தபால் நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஆர்.எம்.எஸ். என்று சொல்லப்படும் ரெயில்வே மெயில் சர்வீசின் பிரிப்பகத்துக்குப் போகிறது. அங்கே பின்கோடைப் பார்த்து ஊர் வாரியாகப் பிரித்து, மறுபடியும் பை கட்டுகிறார்கள். பிறகு ரெயில், லாரி அல்லது விமானம். மும்பையில் மறுபடியும் பிரிப்பு. கடைசியில் அந்தந்தப் பேட்டைத் தபால் நிலையம். அங்கிருந்து தபால்காரர் கைக்கு வருகிறது.

பின்கோடு 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி வந்தது. ஆறு எண்களில் முதல் மூன்று, கடிதம் எந்தப் பிரிப்பகத்துக்குப் போகவேண்டும் என்பதைக் காட்டும். 628 என்று தொடங்கினால் தூத்துக்குடிப் பக்கம். 627 என்றால் நெல்லைப் பக்கம். 400 என்றால் மும்பை. பின்கோடு இல்லாத கடிதம் நல்ல நாளிலேயே சுற்றிக்கொண்டு போகும். வெள்ளக் காலத்தில் பைகள் மலைபோல் குவிந்து கிடக்கும்போது அது எப்போது கையில் அகப்படும் என்று சொல்ல முடியாது.

ஒரு காலத்தில் ஓடுகிற ரெயிலிலேயே தபால் பிரித்தார்கள். சார்ட்டர்கள் ரெயில் பெட்டிக்குள் நின்றுகொண்டு, புறாக்கூண்டு போன்ற தட்டுகளில் கடிதங்களை வீசிப் பிரிப்பார்கள். ரெயில் ஸ்டேஷனை அடைவதற்குள் அந்த ஊர்ப் பை தயாராகிவிடும். 1980-களில் அந்த முறை போய்விட்டது. இப்போது ரெயிலில் போவது கட்டி மூடிய பைகள். பிரிப்பு முழுவதும் கட்டடத்துக்குள்தான்.

இதில் ஒரு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ரெயில் நடுவழியில் நின்றாலும் பை சீலோடு பத்திரமாக இருக்கும். ஆனால் பிரிப்பகத்துக்குள் தண்ணீர் வந்தாலோ, மின்சாரம் போனாலோ, ஊழியர்கள் வந்து சேர முடியாவிட்டாலோ, அதை நம்பியிருக்கும் ஊர்கள் அத்தனைக்கும் தபால் தாமதமாகும்.

ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரெயில்

2023-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி இரவு திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. பயணிகள் சுமார் 800 பேர். ஸ்ரீவைகுண்டம் வந்ததும் ரெயிலை நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் பாதை இல்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே வெள்ளம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வாரிக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரெயில் மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவேண்டியது இல்லை. பயணிகளில் ஒரு பகுதியினர் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டனர். மற்றவர்கள் ரெயிலிலும் ஸ்டேஷனிலும் இருந்தனர். ஹெலிகாப்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். 19-ந் தேதி அவர்கள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியில் இருந்து தனி ரெயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டனர்.

பயணிகள் இரண்டு நாளில் மீண்டார்கள். பாதை மீளவில்லை. நெல்லை-திருச்செந்தூர் பாதையைச் சரி செய்து ரெயில் விடச் சுமார் 20 நாட்கள் பிடித்தன.

தபாலைப் பற்றி நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். மழை நின்றதும் தபால் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மழை ஒரு நாளில் நிற்கும். தண்ணீர் நாலு நாளில் வடியும். பாதை சரியாக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பைகளைச் சுற்று வழியாக லாரியில் கொண்டுபோக வேண்டும். சாலையும் உடைந்திருந்தால் அதுவும் முடியாது.

அந்த வெள்ளத்துக்குக் காரணமான மழை சாதாரண மழை அல்ல. டிசம்பர் 18-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை ஏறத்தாழ 95 செ.மீ. மும்பைவாசிகளுக்கு இந்த அளவு பழக்கமானதுதான். 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி மும்பை சாந்தாகுரூசில் பெய்த மழை 94.4 செ.மீ. ஊரிலும் இங்கேயும், பதினெட்டு ஆண்டு இடைவெளியில், கிட்டத்தட்ட ஒரே அளவு மழை கொட்டியிருக்கிறது.

நடுவழியில் வரும் ஆபத்து

ஊரிலும் மழை இல்லை, மும்பையிலும் மழை இல்லை. ஆனாலும் தபால் வரவில்லை. இதுவும் நடக்கிறது. காரணம் நடுவழியில் இருக்கும்.

2021-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஆந்திர மாநிலம் கடப்பா மாவட்டத்தில் பெருமழை பெய்தது. 19-ந் தேதி செய்யேறு ஆற்றில் இருந்த அன்னமய்யா அணை உடைந்தது. நந்தலூர்-ராஜம்பேட்டை இடையே ரெயில் பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. குண்டக்கல்லில் இருந்து ரேணிகுண்டா வரும் அந்தப் பாதைதான் மும்பைக்கும் சென்னைக்கும் முக்கியமான பாதை. ரெயில்களை ரத்து செய்தார்கள். சிலவற்றை வேறு மார்க்கத்தில் திருப்பிவிட்டார்கள். எங்கோ ஒரு சிற்றூரில் பாதை உடைந்தது. மாட்டுங்காவில் இருப்பவர் தபாலுக்குக் காத்திருந்தார்.

சென்னையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14-ம் நம்பர் பாலம் என்று ஒன்று உண்டு. அதில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டினால் சென்னை சென்டிரல் ரெயில்கள் ஓடாது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிச்சாங் புயல் வந்தபோது அதுதான் நடந்தது. விமான நிலையத்தையும் மூடினார்கள். 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. ரெயிலும் இல்லை, விமானமும் இல்லை என்றால் அவசரத் தபாலுக்கும் சாதாரணத் தபாலுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே அறையில் காத்திருக்கும்.

மும்பையில் நின்றால்

மும்பைப் பக்கம் பாதை அடைபடும் இடங்களும் தெரிந்தவையே. கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் நடுவே உள்ள மலைப்பாதையில் மழைக்காலத்தில் பாறை சரியும். புனே வழியாகத் தெற்கே போகும் ரெயில்கள் நின்றுவிடும். 2019-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி கோலாப்பூருக்குப் புறப்பட்ட மகாலட்சுமி எக்ஸ்பிரஸ், பத்லாபூருக்கும் வாங்கனிக்கும் நடுவே வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகில் மீட்டார்கள்.

2005 வெள்ளத்தின்போது லோக்கல் ரெயில் நின்றது. விமான நிலையம் ஒரு நாளைக்கு மேல் மூடப்பட்டது. மித்தி ஆறு பொங்கியது. தாராவியும் குர்லாவும் கலீனாவும் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட நாளில் பை வந்து சேர்ந்தாலும் கடிதம் கைக்கு வராது. தபால்காரரும் லோக்கல் ரெயிலில் வேலைக்கு வருகிறவர்தான். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்கும்.

கடைசி மைல்

தபால் பயணத்தில் எளிதில் அறுந்துபோவது கடைசிக் கண்ணிதான்.

இந்தியாவில் ஏறக்குறைய 1 லட்சத்து 65 ஆயிரம் தபால் நிலையங்கள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது கிராமத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கிளைத் தபால் நிலையங்கள். ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு பெட்டி, ஓர் ஊழியர். ஓட்டுக்கூரை பறந்தால் தபால் நிலையமும் பறந்ததுதான்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னந்தோப்புகள் அடியோடு விழுந்தன. விழுந்த மரங்கள் சாலையை அடைத்தன. மரத்தை வெட்டி வழி விட்டால்தான் வண்டி போகும். வண்டி போனால்தான் பை போகும். பை வந்தாலும் ஆள் இருக்கவேண்டும். வீடு இழந்தவர்கள் முகாமில் இருந்தார்கள்.

இங்கேதான் ஒரு முக்கியமான சிக்கல். தபால்காரர் வீடு தேடி வருகிறார். வீடு பூட்டியிருக்கிறது. மறுநாள் வருகிறார். அப்போதும் ஆள் இல்லை. அந்தத் தபாலைச் சில நாட்கள்தான் ஆபீசில் வைத்திருப்பார்கள். பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். புயலில் தப்பி, வெள்ளத்தில் தப்பி, வாசல் வரை வந்த கடிதம், வாங்க ஆள் இல்லாமல் திரும்பிப் போகும். அனுப்பியவர் முகவரியும் இல்லை என்றால் ஆர்.எல்.ஓ. என்ற அலுவலகத்துக்குப் போகும். பழைய காலத்தில் அதைச் 'செத்த கடுதாசி ஆபீஸ்' என்பார்கள். முகவரி கண்டுபிடிப்பதற்காகக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்க அதிகாரம் உள்ள இடம் அது.

ஒரு தபால் வழியே மறைந்தது

புயல் தபாலை நிறுத்துவதோடு விட்டுவிடும் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை ஒரு தபால் வழியையே மாற்றியிருக்கிறது.

சென்னையில் இருந்து இலங்கைக்குத் தபாலும் பயணிகளும் போன ரெயிலுக்குப் 'போட் மெயில்' என்று பெயர். முதலில் அது தூத்துக்குடிக்குப் போனது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-ம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் ரெயில் தனுஷ்கோடிக்குப் போயிற்று. அங்கிருந்து கடலைக் கடந்தால் தலைமன்னார். தனுஷ்கோடியில் ரெயில் நிலையம், தபால் தந்தி ஆபீஸ், சுங்க ஆபீஸ் எல்லாம் இருந்தன.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி நள்ளிரவு பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரெயிலைக் கடல் கொண்டுபோனது. ரெயிலில் இருந்தவர்கள் 115 பேர் என்று கணக்கு. ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் விழுந்தன. பாலத்தை இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரி செய்தார்கள். ஆனால் ரெயில் ராமேசுவரத்தோடு நின்றது. தனுஷ்கோடியை மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கப்பலும் பிறகு ராமேசுவரத்தில் இருந்துதான் போயிற்று. தனுஷ்கோடி தபால் நிலையத்தின் இடிந்த சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன.

பாலத்தைக் கட்டிவிடலாம். ஊரைக் கட்ட முடியவில்லை. பட்டுவாடா செய்ய ஊரே இல்லாதபோது தபால் நிலையத்துக்கு அங்கே வேலை இல்லை.

பணம் என்ன ஆகிறது?

மும்பைத் தமிழர்களுக்குத் தபால் என்றால் ஒரு காலத்தில் மணியார்டர்தான். மாதம் பிறந்தால் தபால் நிலையத்தில் வரிசை நிற்கும். ஊரில் தபால்காரர் வந்தால்தான் அடுப்பு எரியும். புயல் வந்தால் அந்தப் பணமும் நின்றுவிடும். பணம் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் பணம் போகாது.

பழைய மணியார்டர் முறை 2015-ல் முடிந்துவிட்டது. இப்போது மின்னணு மணியார்டர். பெரும்பாலோர் போனிலேயே பணம் அனுப்பிவிடுகிறார்கள். 2018 செப்டம்பரில் தொடங்கிய தபால் துறை பேமெண்ட்ஸ் வங்கி மூலம், ஆதார் இணைத்த கணக்கில் இருந்து தபால்காரரிடமே பணம் எடுக்கலாம்.

இதெல்லாம் நல்ல வசதிதான். ஆனால் டவர் விழுந்தால் போன் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் ஏ.டி.எம். இல்லை. தபால்காரர் கையில் உள்ள கருவிக்கும் சிக்னல் வேண்டும். கஜா புயலுக்குப் பிறகு மின்சாரத்துக்காகப் பல கிராமங்கள் நாள்கணக்கில் காத்திருந்தன. முன்பு பை வரும்வரை காத்திருந்தார்கள். இப்போது டவர் வரும்வரை காத்திருக்கிறார்கள். அதனால் மழை மாதம் தொடங்குவதற்கு முன்பே வீட்டில் கொஞ்சம் ரொக்கம் இருக்கும்படி அனுப்பிவைப்பது புத்திசாலித்தனம்.

யார் பொறுப்பு?

கடிதம் தாமதமாகி வேலை போய்விட்டது. தபால் இலாகா நஷ்டஈடு தருமா?

1898-ம் ஆண்டின் தபால் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருந்தது. தபால் தொலைந்தாலோ, தாமதமானாலோ, சேதமானாலோ, அரசு தானாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் பொறுப்பு இல்லை என்பதே அந்தப் பதில். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ம் ஆண்டு சட்டம் 2024 ஜூன் 18-ந் தேதி அமலுக்கு வந்தது. அதிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. ஆகவே, போன வேலைக்கும் போன வாய்ப்புக்கும் தபால் இலாகாவிடம் பணம் வாங்கிவிடலாம் என்று நம்பி இருக்கக் கூடாது.

கோர்ட்டு நோட்டீசு விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சரியான முகவரி எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் வழக்கமான நேரத்தில் போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1897-ம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் 27-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. சேரவில்லை என்று நிரூபித்தால் அந்த அனுமானம் நிற்காது. அப்பீல், மனு போன்றவற்றில் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் கோர்ட்டு மன்னிக்கலாம் என்று லிமிடேஷன் சட்டம் 5-வது பிரிவு கூறுகிறது. வெள்ளம் தக்க காரணம்தான். ஆனால் அதை வாயால் சொன்னால் போதாது. காகிதத்தில் காட்டவேண்டும்.

என்ன செய்யலாம்?

புயலை நிறுத்த முடியாது. தபாலைக் காப்பாற்றச் சில காரியங்கள் செய்யலாம்.

முக்கியமான காகிதத்தைச் சாதாரணத் தபாலில் போடக் கூடாது. அதற்கு நம்பர் கிடையாது, தேடவும் முடியாது. விரைவுத் தபாலுக்கு 13 எழுத்து-எண்கள் கொண்ட ஒரு நம்பர் உண்டு. பதிவுத் தபாலும் 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. அந்த நம்பரைப் போட்டு இணையதளத்தில் பார்த்தால், கடைசியாகப் பை எந்த ஊரில் பதிவாயிற்று என்று தெரியும். மூன்று நாளாக ஒரே ஊரைக் காட்டினால் கடிதம் தொலைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வழி திறக்கும்வரை அங்கே காத்திருக்கிறது என்றே அர்த்தம்.

அசல் காகிதத்தைப் பாலிதீன் உறையில் போட்டு, பிறகு கவரில் வைக்கவேண்டும். முகவரியைப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதவேண்டும். ஊற்றுப்பேனா மையும் ஸ்கெட்ச் பேனாவும் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். பெறுபவர், அனுப்புபவர் முகவரிகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கவருக்கு உள்ளேயும் வைக்கவேண்டும். நனைந்த கடிதங்களைத் தபால் ஊழியர்கள் உலர்த்தி, சேதமான கவரை ஒட்டி, அல்லது வேறு உறையில் போட்டு அனுப்புகிறார்கள். முகவரி படிக்க முடிந்தால்தான் அவர்களால் அதைச் செய்ய முடியும்.

ஊரில் வீட்டை விட்டு முகாமுக்கோ உறவினர் வீட்டுக்கோ போகிறவர்கள், வழி திறந்ததும் தபால் நிலையத்துக்குப் போய்ச் சொல்லவேண்டும். அடையாள அட்டையைக் காட்டி அங்கேயே தபாலை வாங்கிக்கொள்ளலாம். வேறு முகவரிக்கு அனுப்பும்படி எழுதியும் கொடுக்கலாம். மும்பையில் இருப்பவர்கள் ஊருக்குப் போன் கிடைத்ததும் முதலில் நலம் கேட்பார்கள். இரண்டாவதாகத் தபால் நிலையத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லவேண்டும்.

வேலைக்கு அழைத்த கம்பெனிக்கோ ஆபீசுக்கோ கடைசித் தேதிக்கு முன்பே தகவல் கொடுத்துவிடவேண்டும். "வெள்ளம், சர்ட்டிபிகேட் வழியில் இருக்கிறது, தபால் நம்பர் இது" என்று எழுதிக் கொடுத்தால் அவகாசம் கிடைக்க வாய்ப்பு உண்டு. தேதி தாண்டிய பிறகு சொன்னால் சாக்கு என்று நினைப்பார்கள்.

காகிதமே வெள்ளத்தில் போய்விட்டாலும் வழி உண்டு. 2015 சென்னை வெள்ளத்தில் பாஸ்போர்ட்டை இழந்தவர்களுக்கு இலவசமாக மாற்றுப் பாஸ்போர்ட் தரப்படும் என்று அப்போதைய வெளியுறவு மந்திரி சுஷ்மா சுவராஜ் அறிவித்தார். 2023 மிச்சாங் புயலுக்குப் பிறகு சென்னையில் சான்றிதழ் இழந்தவர்களுக்கு முகாம் நடந்தது. இப்படிப்பட்ட முகாம்கள் சில நாட்களே நடக்கும். வெளியூரில் இருப்பவர்கள் செய்தியைக் கவனித்து வரவேண்டும்.

கவரைக் கிழிக்காதீர்கள்

ஏரலில் சனிக்கிழமை மாலை தங்கிப்போன அந்த இரண்டாவது கவர் ஒரு நாள் தாராவிக்கு வந்துவிடும். தபால்காரர் குறுகிய சந்தில், படி ஏறி, பெயரைக் கூப்பிடுவார். கவர் சுருங்கியிருக்கும். ஓரம் மங்கியிருக்கும். உள்ளே மார்க் ஷீட் பத்திரமாக இருக்கும்.

சந்தோஷத்தில் கவரைக் கிழித்துக் குப்பையில் போடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். அப்படிச் செய்யக் கூடாது. கவர் மேல் ஊர்த் தபால் நிலையத்தின் முத்திரையும் தேதியும் இருக்கும். கவர் எப்போது புறப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. இணையதளத்தில் வந்த பட்டுவாடாத் தேதியையும் அச்செடுத்துக் கூடவே வைத்துக்கொண்டால் கணக்கு முடிந்துவிடும்.

"நீங்கள் ஏன் தாமதமாக வந்தீர்கள்?" என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பார். அப்போது மார்க் ஷீட்டோடு சேர்த்து அந்தப் பழைய கவரையும் எடுத்து வைக்கவேண்டும். தாமதித்தது ஆள் அல்ல, வெள்ளம் என்று அது சொல்லும்.